ஒரு சொல், எத்தனை செட்?

ஆங்கிலத்தில் மிக அதிகமான பொருள்களைச் சுமக்கும் சொல் என்ற பட்டத்தை கின்னஸ் புத்தகம் நெடுங்காலம் ‘செட்’ என்ற சொல்லுக்குக் கொடுத்து வைத்திருந்தது. கணக்கும் கறாராகவே இருந்தது. பெயர்ச்சொல்லாக 58, வினைச்சொல்லாக 126, எச்ச வடிவில் பெயரைத் தழுவி நிற்கும்போது 10, ஆக மொத்தம் 194. ஆனால் 1989இல் இருபது தொகுதிகளாக வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பைப் புரட்டினால், வினைச்சொல்லுக்கு மட்டுமே சுமார் 430 பொருள்கள் இருக்கின்றன. அவற்றை விளக்கச் செலவான சொற்கள் ஏறக்குறைய 60,000. ஒரு நடுத்தர நாவல் அந்த அளவுதான் இருக்கும்.

126 எங்கே, 430 எங்கே? இருவரில் ஒருவர் தப்பாக எண்ணிவிட்டார் என்று நினைக்கத் தோன்றும். அப்படியில்லை. அலாரத்தை செட் செய்வதும் எலிப்பொறியை செட் செய்வதும் ஒரே பொருளா, இரண்டு பொருளா? ஒரு கருவியை அதன் நேரம் வரும்வரை காத்திருக்கும்படி வைப்பது என்று பார்த்தால் ஒன்று. ஒன்றில் முள்ளைத் திருகுகிறோம், மற்றதில் கம்பியை இழுத்து மாட்டுகிறோம் என்று பார்த்தால் இரண்டு. எலி உள்ளே வந்து சாவதையும் நாம் விழித்து எழுவதையும் கணக்கில் சேர்த்தால் இன்னும் எவ்வளவோ சொல்லலாம். கைச்சிக்கனமான அகராதிக்காரர் ஒரே எண்ணுக்குள் அடக்குவார், தாராளக்காரர் நான்காகப் பிரிப்பார். வயலில் வரப்பு போடுவது போன்ற வேலை இது. வரப்புகளின் எண்ணிக்கை மண்ணைவிட வெட்டுகிறவர் கையைப் பொறுத்தது.

அந்தப் பட்டமும் இப்போது செட்டிடம் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் மூன்றாம் பதிப்புக்கான திருத்த வேலை ‘எம்’ எழுத்திலிருந்து தொடங்கியது. 2000இல் ‘மேக்’, 2007இல் ‘புட்’, 2011இல் ‘ரன்’ என்று ஒவ்வொன்றாக முந்திக்கொண்டு போயின. ‘ரன்’ என்ற வினைக்கு 645 பொருள்கள். அந்த ஒரு பதிவுக்காக பீட்டர் கிலிவர் என்ற அகராதி ஆசிரியர் ஒன்பது மாதம் உட்கார்ந்தார். இயந்திரமும் வேகமும் ஆளும் காலத்துக்கு ‘ஓடு’ என்ற சொல்தான் பொருத்தம், ‘செட்’ அசையாமல் உட்கார்ந்திருந்த பழைய காலத்தின் சொல் என்று அப்போது எழுதினார்கள். அழகான வாதம்தான், எனக்கு நம்பிக்கை வரவில்லை. புதிதாகத் திருத்திய பதிவையும் பழைய பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்த்தால், புதியதுதான் உயரமாகத் தெரியும்.

எத்தனை பொருள் என்ற கேள்வியை இங்கேயே விட்டுவிடலாம். இத்தனையும் ஒரு சொல்லுக்குள் எப்படி வந்து சேர்ந்தன, சேர்ந்தபின் பேசுகிறவர்கள் எப்படிக் குழம்பாமல் இருக்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகளில்தான் சரக்கு இருக்கிறது.

முதல் கேள்விக்கு விடை காண, தமிழ் இலக்கணம் படித்தவருக்கு அதிக தூரம் போக வேண்டியதில்லை. இரு, இருத்து. கிட, கிடத்து. வீழ், வீழ்த்து. தன்வினையும் பிறவினையும். ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இப்படி ஜோடி ஜோடியாக வினைகள் இருந்தன. ‘லை’ என்றால் கிட, ‘லே’ என்றால் கிடத்து. ‘ஃபால்’ என்றால் விழு, ‘ஃபெல்’ என்றால் மரத்தை வீழ்த்து. அதே வரிசையில் ‘சிட்’ என்றால் உட்கார், ‘செட்’ என்றால் உட்கார்த்து. பழைய ஆங்கிலத்தில் ‘செட்டன்’, ஜெர்மனில் ‘செட்ஸன்’, டச்சில் ‘செட்டன்’. இவற்றின் மூலமான இந்தோ-ஐரோப்பிய வேர் சமஸ்கிருதத்தில் ‘சத்’ என்று நிற்கிறது. குருவின் அருகே உட்கார்வது உபநிஷத், சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் பரிஷத். நாம் கடையில் கேட்கிற செட்டுக்கும் உபநிடதத்துக்கும் இப்படி ஒரு தூரத்து உறவு. பறவைக் கூட்டைக் குறிக்கும் ‘நெஸ்ட்’ என்ற சொல்லும் இதே வேரில் முளைத்ததுதான். கீழே உட்காரும் இடம்.

ஆகவே செட்டின் மூலச் செயல் ஒன்றே ஒன்று. ஒரு பொருளை அதன் இடத்தில் இருத்துவது. விளக்கை மேசைமேல் இருத்துவதில் தொடங்கி, மாணிக்கத்தை மோதிரத்தில் பதிப்பது, பிசகிய எலும்பை அதன் குழியில் சேர்த்துக் கட்டுவது, அச்செழுத்தைக் கோப்பது, பாட்டுக்கு மெட்டமைப்பது, பரீட்சைக்குக் கேள்வித்தாள் தயாரிப்பது வரை எல்லாம் இந்த ஒரே கையசைவின் நீட்சிகள்.

தமிழில் இந்த வேலையைச் செய்வது எது? ‘இருத்து’ அல்ல. அது மெலிந்துபோய் எழுத்து நடைக்குள் ஒதுங்கிவிட்டது. அதன் வேலையை எடுத்துக்கொண்டது ‘வை’. தீ வைக்கிறோம், கண்ணி வைக்கிறோம், விலை வைக்கிறோம், கல்யாணத்துக்கு நாள் வைக்கிறோம், அலாரம் வைக்கிறோம், காலடி எடுத்து வைக்கிறோம், கோழியை அடை வைக்கிறோம். இந்த ஏழிலும் ஆங்கிலக்காரர் ‘செட்’ என்றே சொல்வார். இன்னும் வியப்பு, துணைவினையிலும் இரண்டும் ஒத்துப்போவது. அவன் பேச்சு என்னைச் சிந்திக்க வைத்தது என்கிறோமே, அதை ஆங்கிலத்தில் சொல்ல ஒரு வழி, அது என்னைச் சிந்திப்பதில் ‘செட்’ செய்தது என்பது. யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. பொருளை ஓரிடத்தில் வைத்தல், ஆளை ஒரு நிலையில் வைத்தல் என்று மனம் போகும் பாதை இரண்டு ஊரிலும் ஒன்றாக இருக்கிறது.

ஒத்துப்போகாத இடங்களும் உண்டு. குழந்தைக்குப் பெயர் வைக்கிறோம், ஆங்கிலத்தில் பெயரை செட் செய்ய முடியாது. குழம்பு வைக்கிறோம், அங்கே அதற்கு வேறு வினை. சாப்பாட்டு மேசையை அவர்கள் செட் செய்வார்கள், நாம் இலை போடுவோம். ‘போடு’ என்பது தனிப் பெருங்கதை, இங்கே தொடாமல் நகர்வது நல்லது.

இதுவரை சொன்னது பாதிக் கதைதான். தொகுதி என்ற பொருளில் வரும் செட், அதாவது பாத்திர செட், நகை செட், டென்னிஸ் செட் ஆகியவற்றில் இருக்கிற செட், பிறப்பில் வேறு சொல். லத்தீனில் ‘செக்டா’ என்றால் பின்தொடர்தல். ஒரு தலைவரைப் பின்தொடரும் கூட்டம். அது பழைய பிரெஞ்சில் ‘செட்’ என்று தேய்ந்து, ஆங்கிலத்துக்குள் வந்தது. மதப்பிரிவைக் குறிக்கும் ‘செக்ட்’ அதன் கூடப்பிறந்தது. வந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு செட் உட்கார்ந்திருக்க, இரண்டும் ஒரே ஒலி. ஒன்றாக வைக்கப்பட்டவை என்று முதல் செட்டிலிருந்தும் தொகுதி என்ற பொருளுக்கு வந்துவிடலாம். ஒன்றையொன்று பின்தொடர்பவை என்று இரண்டாவதிலிருந்தும் வரலாம். இரண்டு ஆறு கலந்தபின் எந்தத் தண்ணீர் எதனுடையது என்று சொல்ல முடியாத நிலை. அகராதிகள் இரண்டு பெயர்ச்சொற்களாக எண் போட்டுப் பிரித்துவிட்டு, கலப்பு நேர்ந்ததையும் கூடவே ஒப்புக்கொள்கின்றன.

நம் ‘வை’யிலும் கலப்பு உண்டு. திட்டுவது என்ற பொருளில் வரும் வை வேறு, கூர்மை என்ற பொருளில் தொல்காப்பிய உரியியலில் வரும் வை வேறு. ஆனால் தமிழில் வினை வடிவம் காப்பாற்றிவிடுகிறது. வைத்தான் என்றால் ஒன்று, வைதான் என்றால் இன்னொன்று. ஒரு ‘த்’ இருக்கிறதா இல்லையா என்பதில் அகராதி ஆசிரியரின் பாதி வேலை முடிந்துவிடும்.

ஆங்கிலத்துக்கு அந்த வசதி இல்லாமல் போனதுதான் செட் இப்படிப் பெருத்ததற்கு மற்றொரு காரணம் என்று நினைக்கிறேன். பழைய ஆங்கிலத்தில் வினைகளுக்கு ஈறுகள் இருந்தன. நிகழ்காலத்துக்கு ஒன்று, இறந்தகாலத்துக்கு ஒன்று, வினையெச்சத்துக்கு ஒன்று. அவை நூற்றாண்டுகளில் உதிர்ந்தன. செட்டின் அடியிலேயே ‘ட்’ இருந்ததால் இறந்தகால ஈறும் அதற்குள் விழுங்கப்பட்டது. பள்ளிக்கூடத்தில் முக்கால வாய்பாடு ஒப்பிக்கும்போது, செட்-செட்-செட் வந்தால் பிள்ளைகளுக்கு ஒரு கொண்டாட்டம். மனப்பாடம் செய்ய எதுவுமில்லை. ஆனால் இந்த ஒரே வடிவம்தான் நிகழ்காலம், இறந்தகாலம், எச்சம், பெயர், பெயரடை எல்லாம். எந்த உடையும் அணியாத சொல் எந்த வாசலிலும் நுழையும். ஜெர்மன் அப்படியில்லை, ‘செட்ஸன்’ என்ற வினையிலிருந்து ‘ஸாட்ஸ்’ என்ற தனிப் பெயர்ச்சொல்லைப் பிரித்து வைத்துக்கொண்டது. அந்த ‘ஸாட்ஸ்’ வாக்கியத்தையும் குறிக்கும், டென்னிஸ் செட்டையும் குறிக்கும், காபிக் கோப்பையின் அடியில் தங்கும் மண்டியையும் குறிக்கும் என்பது வேறு விஷயம்.

ஈறு உதிர்ந்ததில் இன்னொரு விளைவு. பிறவினையாகப் பிறந்த செட், தன்வினையின் இடத்துக்குள்ளும் கால் வைத்தது. சிமென்ட் தானாகவே செட் ஆகிறது, தயிர் செட் ஆகிறது, சூரியனும் செட் ஆகிறது. யாரும் யாரையும் உட்கார்த்தவில்லை. அதுவே போய் உட்கார்ந்துகொள்கிறது. சூரியன் வானத்திலிருந்து இறங்கித் தன் இருக்கையில் அமர்வதாக அவர்கள் பார்த்திருக்கிறார்கள். நம் ஊரில் பொழுது சாயும், இல்லையென்றால் பறவையைப் போல அடையும். பாமர ஆங்கிலத்தில் இந்தக் குழப்பம் மறுபக்கமும் ஓடியது. உட்காருங்கள் என்று சொல்ல ‘சிட் டவுன்’ என்பதற்குப் பதில் ‘செட் டவுன்’ என்று சொல்லும் வட்டாரங்கள் உண்டு. பள்ளி வாத்தியார்கள் தலைமுறை தலைமுறையாகத் திருத்தியும் ஓயவில்லை.

சிமென்ட் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பொதுப் பேச்சில் செட் ஆவதும் கெட்டியாவதும் ஒன்றுதான். கட்டடத் தொழிலில் இரண்டும் வேறு. செட் ஆவது என்றால் தண்ணீர் விட்டுக் குழைத்த சிமென்ட் தன் நெகிழ்வை இழப்பது. அதற்கு ஒரு ஊசிச் சோதனை இருக்கிறது. லூயி விகா என்ற பிரெஞ்சுப் பொறியாளரின் பெயரால் வழங்கும் கருவி. ஊசி குறிப்பிட்ட ஆழத்துக்குமேல் இறங்காமல் நின்றால் முதல் செட்டிங். மேற்பரப்பில் தடம் மட்டும் பதிந்தால் இறுதி செட்டிங். சாதாரண போர்ட்லாண்ட் சிமென்டுக்கு முதலாவது 30 நிமிடத்துக்குள் நடந்துவிடக்கூடாது, இறுதி 600 நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தர அளவு. பலம் ஏறுவது இதற்குப்பின் நாள்கணக்கில் நடக்கும் தனிக் காரியம். 28ஆம் நாள் பலத்தைத்தான் கணக்கில் கொள்வார்கள். எங்கள் வீட்டு மாடிக்குத் தளம் போட்ட மறுநாள் நான் அவசரப்பட்டு ஏறப்போக, கொத்தனார் தடுத்தார். ‘செட் ஆயிருச்சு சார், ஆனா இன்னும் இறுகல’ என்றார். இரண்டையும் அத்தனை துல்லியமாகப் பிரித்துச் சொன்ன வாக்கியத்தை நான் ஆங்கில அகராதி எதிலும் படித்ததில்லை.

இனி இரண்டாவது கேள்வி. இத்தனை பொருளையும் வைத்துக்கொண்டு எப்படிப் பேசுகிறார்கள்?

தமிழ்வழியில் படித்து ஆங்கிலம் கற்றவர்களுக்கு ஒரு பட்டியல் நினைவிருக்கும். செட் அப் என்றால் நிறுவு, செட் அவுட் என்றால் புறப்படு, செட் அசைட் என்றால் ஒதுக்கு, செட் இன் என்றால் தொடங்கு. இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ். நானும் உருப்போட்டேன். வலப்பக்கம் பொய் சொல்கிறது என்று தெரிய ரொம்ப நாள் ஆயிற்று.

செட் இன் என்பதை எடுத்துக்கொள்வோம். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் கோபில்ட் அகராதி தயாரானபோது, லட்சக்கணக்கான சொற்கள் கொண்ட உண்மையான எழுத்துகளைக் கணினியில் ஏற்றி ஒவ்வொரு சொல்லையும் அது நின்ற வரியோடு பார்த்தார்கள். 1987இல் வெளிவந்த அகராதி அது. செட் இன் என்பதற்கு எழுவாயாக எவை வருகின்றன என்று சின்க்ளேர் பார்த்தார். அழுகல், சிதைவு, விரக்தி, மோசமான வானிலை. நல்லது எதுவும் அநேகமாக இல்லை. தொடங்குவது மட்டுமல்ல, வேண்டாதது வந்து ஒட்டிக்கொள்வது என்ற வாடை அந்தச் சொற்சேர்க்கையிலேயே ஊறியிருக்கிறது. எந்த அகராதியும் அதுவரை அதைச் சொன்னதில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கும் கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் எல்லோரும் அப்படியே பயன்படுத்தினார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு நம் வானிலை ஆய்வுத் துறை நினைவுக்கு வந்தது. ஆண்டுதோறும் ஜூன் 1ஐ ஒட்டி அது ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு விடும். தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் ‘செட் இன்’ ஆகிவிட்டது. பிரிட்டிஷ்காரருக்கு மழை என்றால் மூடிக்கிடக்கும் வானம், வெளியே போக முடியாத நாள். அவருக்கு செட் இன் சரியான சொல். நமக்கோ அந்த ஒரு வரிக்காக விதைநெல்லும் பங்குச்சந்தையும் காத்திருக்கின்றன. அதே சொற்சேர்க்கை, அதே இலக்கணம். இந்தியப் பத்திரிகையில் அது வருடத்தின் நல்ல செய்திகளில் ஒன்று.

செட் அசைட் இன்னும் விசித்திரம். சம்பளத்தில் ஒரு தொகையை செட் அசைட் செய்தால் பத்திரமாக ஒதுக்கி வைத்தோம் என்று பொருள். மேல்நீதிமன்றம் ஒரு தீர்ப்பை செட் அசைட் செய்தால் அந்தத் தீர்ப்பு செத்தது. ஒதுக்கி வைத்தல் என்ற கையசைவு ஒன்றுதான். பணமென்றால் காப்பதற்கு, தீர்ப்பென்றால் ஒழிப்பதற்கு. தமிழிலும் ஊரைவிட்டு ஒதுக்கிவைத்தல் இருக்கிறது, செலவுக்கு ஒதுக்கிவைத்தல் இருக்கிறது. நம் நீதிமன்ற வளாகங்களில் இந்தச் சொல் தமிழாகவே ஆகிவிட்டது. வாய்தாவுக்குப் போகாமல் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பானவர்களுக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 9, விதி 13இல் ஒரு வழி உண்டு. ‘எக்ஸ்பார்ட்டி ஆயிடுச்சு, செட்அசைட் போடணும்’ என்று குமாஸ்தா சொல்வார், கட்சிக்காரர் தலையாட்டுவார். அந்த வாக்கியத்தை முழுத் தமிழாக்கினால் அவருக்குப் புரியாமல் போகக்கூடும். தண்டனைக் காலத்திலிருந்து ஏற்கெனவே சிறையில் கழித்த நாள்களைக் கழிப்பதும் ஒரு ‘செட்ஆஃப்’தான். அதே செட்ஆஃப் பயணம் கிளம்புவதையும் பட்டாசு கொளுத்துவதையும் குறிக்கும் என்பதை அந்தக் கைதியிடம் சொல்லிப் பயனில்லை.

ஆக, பொருள் செட்டுக்குள் இல்லை, செட் யாரோடு நிற்கிறது என்பதில் இருக்கிறது. ஒரு சொல்லை அதன் சேர்க்கையைப் பார்த்துத்தான் அறிய முடியும் என்று 1950களில் ஜே. ஆர். ஃபர்த் என்ற ஆங்கில மொழியியலாளர் சொன்னது இன்று கணினி மொழியியலில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் படித்தவர்களுக்கு இது கேட்ட குரலாக இருக்கும். பலபொருள் ஒருசொல்லை அது இரண்டாகப் பிரிக்கிறது. முதல் வகையில் வினை, இனம், சார்பு ஆகியவற்றால் பொருள் தெளிந்துவிடும். மா பூத்தது என்றால் மரம், மா ஓடியது என்றால் விலங்கு. இரண்டாவது வகையில் வினையும் கைகொடுக்காது. மா விழுந்தது என்றால் மரமா, குதிரையா? அங்கே பேசுகிறவர்தான் இன்னது என்று எடுத்துச் சொல்ல வேண்டும். செட்டின் நானூற்றுச் சொச்சம் பொருள்களில் மிகப் பெரும்பாலானவை முதல் வகை. சூரியன், ஜெல்லி, எலும்பு, தீர்ப்பு என்று பக்கத்துச் சொல் வந்தவுடனே மற்ற பொருள்கள் எழுந்து போய்விடும். கேட்பவர் மனதில் 430 பொருள்களும் வரிசையில் நிற்பதில்லை.

ஜிஃப் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1945இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஒரு சொல் எவ்வளவு அடிக்கடி புழங்குகிறதோ அந்தப் புழக்கத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி அதன் பொருள்களும் பெருகுகின்றன என்று காட்டினார். கணக்கு மேலோட்டமானதுதான், ஆனால் திசை சரி. சின்னச் சொல், தினசரிச் சொல், கைக்கு எட்டும் சொல். புதிதாக ஒரு காரியம் வந்தால் அதற்கென ஒரு பெயர் தேடிப் போகாமல், கைவசம் இருக்கிற கரண்டியால் கிண்டுவது போல.

கணிதமும் அப்படித்தான் எடுத்தது. ஜெர்மனியில் கியோர்க் கண்டோர் 1870களில் தொடங்கி உருவாக்கிய கோட்பாட்டில் அவர் பயன்படுத்திய சொல் ‘மெங்கெ’. கூட்டம், திரள் என்று பொருள். 1915இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு அதை ‘அக்ரிகேட்’ என்றது. அது நிலைக்கவில்லை; மூன்றெழுத்துச் செட் வென்றது. தமிழில் அது இரண்டாகப் பிரிந்தது. தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘கணம்’. இலங்கைத் தமிழ்ப் பாடநூலில் ‘தொடை’. கணம் என்றால் கூட்டம், பூதகணம் போல. கூடவே நொடிப்பொழுதும் ஆகிவிடும். தொடை என்றால் தொடுக்கப்பட்டது, மாலை, எதுகை மோனைத் தொடை. காலின் தொடையும் கூடவே வந்து நிற்கும். யாழ்ப்பாணத்தில் படித்த ஒரு நண்பர், ‘உங்களுக்கு வெற்றுக் கணம், எங்களுக்கு வெறுந்தொடை’ என்று சிரித்தார். இருந்தாலும் என் ஓட்டு தொடைக்கே. கணத்தில் வெறும் கூட்டம்தான் இருக்கிறது. தொடையில் சேர்த்துக் கோத்த கை தெரிகிறது.

   

தமிழ்நாட்டுத் தெருவுக்கு வருவோம். இங்கே செட் முதலில் எண்ணிக்கையாக வந்தது. ‘ஒரு செட் பூரி’, ‘ரெண்டு செட் பரோட்டா’. ஒரு செட்டுக்கு எத்தனை என்பது கடைக்குக் கடை மாறும், கேட்டுக்கொள்வது நல்லது. கர்நாடகத்திலிருந்து வந்த செட் தோசை பெயரிலேயே எண்ணிக்கையைச் சுமந்து வந்தது. அடுத்து ஆள்கள். ‘அவர் எங்க அப்பா செட்’ என்றால் அப்பாவோடு படித்தவர் அல்லது அப்பாவின் வயதுக்காரர். ‘நம்ம செட்டு’ என்றால் நம் கூட்டாளிகள். லத்தீன் செக்டா ஒரு தலைவரைப் பின்தொடர்ந்த கூட்டத்தைக் குறித்தது என்று பார்த்தோமே, அந்தப் பொருளுக்கு இன்று ஆங்கிலத்தைவிடத் தமிழ்ப் பேச்சே நெருக்கமாக இருக்கிறது. ‘செட்டு சேர்ந்துட்டாங்க’ என்று அம்மாக்கள் சொல்லும்போது அதில் ஒரு கண்டனமும் இருக்கும்.

சினிமா செட்டுக்கு நம் வினை ‘போடு’. பந்தல் போடுவது போல செட் போடுகிறோம். ‘சந்திரலேகா’ படத்தின் முரசு நடனத்துக்கு 1948இல் போட்ட செட், ‘நாயகன்’ படத்துக்காகக் கலை இயக்குநர் தோட்டா தரணி சென்னையில் போட்ட தாராவி, இவையெல்லாம் அந்தச் சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தன. செட்டப் மட்டும் வழியில் கெட்டுப்போனது. ஆங்கிலத்தில் நிறுவுதல் என்ற நல்ல பொருளும் சதியில் சிக்கவைத்தல் என்ற கெட்ட பொருளும் அதற்கு உண்டு. தமிழ் கெட்டதைப் பிடித்துக்கொண்டு அதை மேலும் கெடுத்தது. ‘எல்லாம் செட்டப்பு’ என்றால் போலி நாடகம். ‘செட்டப்பு வச்சிருக்கார்’ என்றால் ஊருக்கே தெரிந்த ரகசியம்.

‘லைஃப்ல செட்டில் ஆயிட்டான்’ என்பதில் வரும் செட்டில் வேறு சொல் போலத் தெரிந்தாலும் ஒரே குடும்பம். இருக்கை என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. பத்திரப்பதிவு அலுவலகத்தில் அப்பா மகளுக்கு எழுதிக்கொடுக்கும் செட்டில்மென்ட் பத்திரத்தில் இருப்பதும் அதுவே. கல்லூரி ஆசிரியராக விரும்புகிறவர்கள் எழுதும் ‘செட்’ மட்டும் இந்தக் குடும்பத்தில் யாருமில்லை; மூன்று சொற்களின் முதலெழுத்து.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ‘செட் ஆகல’ என்பது. ‘அந்த வேலை எனக்கு செட் ஆகல.’ ‘இந்தச் சட்டை உனக்கு செட் ஆகுது.’ ‘ரெண்டு பேருக்கும் செட்டே ஆகாது.’ ஒரு லண்டன்காரரிடம் இப்படி செட் என்று சொன்னால் விழிப்பார். அவர் ஊரில் இதற்கு ‘சூட்’ என்றோ ‘ஃபிட்’ என்றோ வேறு சொல். நாம் எப்படி இங்கே வந்தோம்? கம்மலும் ஆரமும் ஒரே செட் என்ற பொருத்தத்திலிருந்து வந்திருக்கலாம்; உறைந்து நிலைத்தல் என்ற பொருளிலிருந்தும் வந்திருக்கலாம். பொருத்தம் என்ற சொல் கைவசம் இருந்தும் அதை ஜாதகத்துக்கு விட்டுவிட்டு இதை எடுத்துக்கொண்டோம்.

இதில் ஒரு இலக்கண நுட்பமும் இருக்கிறது. ஆங்கிலத்திலிருந்து வினையை அப்படியே தமிழ் எடுப்பதில்லை. அதைப் பெயராக்கிக் கட்டிப்போட்டு, பின்னால் ஒரு தமிழ் வினையைச் சேர்க்கும். செட் பண்ணு, செட் ஆகு. பண்ணு பிறவினை, ஆகு தன்வினை. ‘டைம் செட் பண்ணிட்டேன்’, ‘சிமென்ட் செட் ஆயிருச்சு.’ சிட்டும் செட்டுமாகத் தொடக்கத்தில் இருந்து, ஆங்கிலத்தில் பாதி கரைந்துபோன அந்த வேறுபாட்டைத் தமிழ் தன்பாட்டில் மறுபடி போட்டுக்கொடுத்திருக்கிறது. இதற்காக யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை.

கடைசியாக ஒரு சிக்கல். கொட்டகையைக் குறிக்கும் ‘ஷெட்’ என்ற ஆங்கிலச் சொல்லும் கிராமத்து வாயில் ‘செட்டு’தான். கார் நிற்பது கார் செட்டு, மாடு கட்டுவது மாட்டுச் செட்டு. பம்பும் மோட்டாரும் சேர்ந்த தொகுதி பம்புசெட். கிணற்று மேட்டில் அது இருக்கும் சின்ன அறையும் பம்புசெட். இந்த இரண்டாவது எந்தச் சொல்? தொகுதியின் பெயர் அறைக்கு ஆகி வந்த ஆகுபெயரா, இல்லை ஷெட்தான் ஷகரம் சகரமாகி வந்து நிற்கிறதா? செக்டாவும் செட்டனும் ஆங்கிலத்தில் கலந்த மாதிரி, இங்கே நம் கண்ணெதிரே இன்னொரு கலப்பு நடந்துகொண்டிருக்கிறது. கோபிசெட்டிபாளையம் பக்கம் இருக்கும் உறவினர் ஒருவரிடம் கேட்டுவிடலாம் என்று போன் செய்தேன். எங்கே இருக்கிறீர்கள் மாமா என்றதும், ‘செட்டுலதான் இருக்கேன் மாப்ள, மோட்டார் ஓடுது, சத்தமாப் பேசு’ என்றார். எந்தச் செட் என்று கேட்டேன். ‘நம்ம செட்டுதான்’ என்றார்.